கோதுமை ஆகாத துணையோடு புதுச்சேரி ஓட்டலில்

செலியாக் நோய் உள்ள கணவனையோ மனைவியையோ அழைத்துக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுச் சாப்பாடு. ரொட்டி, குரோசான், மைதா கரைத்த சாஸ், அந்தப் பக்கமே தலைவைக்கக் கூடாது. வாய்க்காலுக்கு மேற்கே மிஷன் வீதி, நேரு வீதி, அண்ணா சாலை. அங்கே இட்லி, தோசை, சோறு, எல்லாம் அரிசி, கவலையில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் செலியாக்காரரின் குடலுக்கு இந்தக் கணக்கு உதவாது. சில வேளை நேர்மாறாகவும் போய்விடும். ரொட்டி கண்ணுக்குத் தெரிகிற கோதுமை; வேண்டாம் என்றால் முடிந்தது. சாம்பாரில் கரைந்ததும், தோசைக்கல்லில் ஒட்டியதும், பூரி பொரித்த எண்ணெயில் மிதப்பதும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆகவே ஒரு கடையில் எந்த ஊர்ச் சமையல் என்று பார்ப்பதைவிட, அதன் அடுப்படி எப்படி நடக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதுதான் இந்த அத்தியாயம் சொல்ல வருவது. ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு தட்டாகச் செய்கிற சமையலறையில் ஒரு பொருளை விலக்கச் சொல்ல முடியும். விடியற்காலையில் அண்டாவில் இறக்கிவைத்ததை மதியம் வரை ஊற்றுகிற சமையலறையில், எவ்வளவு நல்ல மனமுள்ள மாஸ்டராலும் அது முடியாது.

முதலில் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். இதை வெறும் அஜீரணம் என்று நினைத்தால் இனி சொல்லப்போவதெல்லாம் மிகையாகவே படும். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனதும், செலியாக் உள்ளவரின் எதிர்ப்புச் சக்தி அவரது சிறுகுடலையே தாக்குகிறது. சத்தை இழுக்கும் குடல் உறிஞ்சிகள் மழுங்கிப் போகின்றன. ஆயுள் முழுக்கப் பத்தியம் இருப்பதுதான் இன்றுவரை இதற்கான வைத்தியம். 2007 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் எடுத்துக்கொண்டவர்களின் குடலில் சேதம் தெரிந்தது. தினம் 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதகமில்லை என்பது மருத்துவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. பொட்டலத்தில் ‘குளூட்டன் இல்லாதது’ என்று போட, கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று பன்னாட்டு உணவுத் தர விதியும் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொல்கின்றன. இந்த எண்களுக்கு எதிரே மைதாவை வைத்துப் பாருங்கள். ஒரு கிராம் மைதாவில் ஏறத்தாழ 80 மில்லிகிராம் குளூட்டன் உண்டு. ஒரு கிராம் பாகெத் ரொட்டித் துணுக்கில் 50 வரும். மேஜை விரிப்பில் சிந்திக் கிடப்பதைக் கூட்டி அள்ளினாலே ஒரு கிராம் தேறும்.

இந்தக் கண்ணோடு ஒரு டிபன் கடையின் தோசைக்கல்லைப் பார்க்கலாம். ஒரே நீளக் கல். நான்கு தோசை ஒன்றாக வேகும். அதில் இரண்டு ரவா தோசையாக இருக்கும். ரவா தோசை மாவு என்பது அரிசி மாவு, ரவை, மைதா மூன்றும் நீர்க்கக் கரைத்தது. அதை ஊற்றுவதில்லை, தெளிக்கிறார்கள். தெளித்தது பக்கத்துத் தோசையின் விளிம்பிலும் விழும். எடுத்த பிறகு கல்லில் தண்ணீர் தெளித்து ஈர்க்குத் துடைப்பத்தால் ஒரு இழு இழுத்துவிட்டு அடுத்த சாதா தோசையை வார்ப்பார் மாஸ்டர். அந்தத் துடைப்பம் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளுகிறது, கழுவுவதில்லை. கல்லில் மிஞ்சிய ரவையும் மைதாவும் இரண்டே கிராம் என்று வைத்துக்கொண்டாலும் 160 மில்லிகிராம் குளூட்டன் ஆயிற்று. ராத்திரிப் பரோட்டாக் கடையில் இன்னும் மோசம். பரோட்டா போட்ட அதே கல்லில்தான் கல்தோசையும் ஊத்தப்பமும் ஆம்லெட்டும், பக்கத்துக் கடப்பா மேடையில் மைதா மாவு வீச்சு. எண்ணெய்ச் சட்டியும் அப்படியே. உளுந்து வடையில் ஒரு துளி கோதுமை கிடையாது. ஆனால் அதற்கு முன் அந்தச் சட்டியில் பூரி வெந்திருக்கும். ஆக, டிபன் கடையில் நம்பிச் சாப்பிடக்கூடியது ஆவியில் வெந்ததுதான்: இட்லி, இடியாப்பம், புட்டு. ரவா இட்லி தட்டு வேறு, சாதா இட்லி தட்டு வேறா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆப்பத்துக்கு அதற்கென்றே சட்டி இருப்பதால் அதுவும் பெரும்பாலும் தப்பிக்கும்.

இட்லியோடு சாம்பார் வருமே என்றால், அங்கேதான் பெருங்காயம் குறுக்கே நிற்கிறது. கடையில் நாம் வாங்குவது, கட்டியானாலும் தூளானாலும், பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். வேலம்பிசினும் மாவும் கலந்தது. மாவு சில நிறுவனங்களுக்கு அரிசி, பலவற்றுக்குக் கோதுமை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும். ‘ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்’ என்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டே பதில் சொல்லிவிடலாம். ஐம்பது பேருக்கான சாம்பாரில் பத்து கிராம் கூட்டுப் பெருங்காயம், அதில் பாதி கோதுமை மாவு என்று கொள்வோம். ஐந்து கிராம் மாவில் 400 மில்லிகிராம் குளூட்டன், தலைக்கு எட்டு. ஒரு கிண்ணத்தோடு நிறுத்தினால் வரம்புக்குள், இரண்டாம் கரண்டி கேட்டால் வரம்புக்கு வெளியே, ரசமும் பொடியும் சேர்ந்தால் இன்னும் வெளியே. ஆகப் பெருங்காயம் பூதமும் இல்லை, பொருட்படுத்தாமல் விடக்கூடியதும் இல்லை. ரவா தோசைக் கல்லோடு ஒப்பிட்டால் அது சின்ன ஆபத்து என்பதையும் சொல்லியாக வேண்டும். பெருங்காயத்துக்குப் பயந்து சாம்பாரைத் தவிர்த்துவிட்டு, அந்தக் கல்லிலேயே நெய் ரோஸ்ட் வாங்கிச் சாப்பிடுவதில் பொருளில்லை. தேங்காய்ச் சட்னியில் தாளிப்பு என்ன என்று கேட்டு, அதோடு இட்லியை முடித்துக்கொள்வது நல்லது.

மதியச் சாப்பாட்டுக்கு அசைவக் கடை சைவக் கடையைவிடத் தோது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். காரணம் எளிது. மீன் குழம்புக்கும் கறிக் குழம்புக்கும் நம் பக்கத்தில் பெருங்காயம் போடும் வழக்கம் குறைவு. புளி, வெந்தயம், பூண்டு, தேங்காய் இவற்றால்தான் குழம்பு நிற்கிறது. சால்னாவைக் கெட்டியாக்குவது பொட்டுக்கடலையும் தேங்காயும். வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, தயிர் என்று கேட்டால், புதுச்சேரி போன்ற கடற்கரை ஊரில் அது வயிற்றைக் கட்டிப் போட்ட சாப்பாடாகவும் தோன்றாது. பொரித்த மீனில் மட்டும் நின்று நிதானியுங்கள். மசாலா ஒட்டிப் பிடிக்க அரிசி மாவோ சோள மாவோ போடுகிறவர்களும் உண்டு, மைதா போடுகிறவர்களும் உண்டு. சிக்கன் 65, காலிபிளவர் 65 போட்ட எண்ணெயாகவும் இருக்கும். பிரியாணியில் அரிசிதானே என்றால், ஆம். ஆனால் தம் போட மூடியின் விளிம்பை மைதா மாவால் ஒட்டும் கடைகள் இருக்கின்றன. கொத்து பரோட்டா, சேமியா பாயசம், கோதுமை அல்வா பற்றி எழுத வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது வாய்க்காலைத் தாண்டுவோம். ரோமன் ரோலண்ட் வீதி, புஸ்ஸி வீதி, கடற்கரைச் சாலையை ஒட்டிய பகுதிகளில் பிரெஞ்சுச் சாப்பாடு போடும் உணவகங்களில் பெரும்பாலான தட்டுகள் ஆர்டர் எடுத்த பிறகுதான் அடுப்பேறுகின்றன. அதுதான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி. சுட்ட மீனுக்கு வெண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் போதும், மாவில் புரட்ட வேண்டாம் என்று சொல்ல முடியும். சாலட்டில் வறுத்த ரொட்டித் துண்டு வேண்டாம் என்று சொல்ல முடியும். வாணலியைக் கழுவிவிட்டு ஆரம்பிக்கச் சொல்ல முடியும். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மெனியேர் என்றால் மீனை மாவில் புரட்டித்தான் வறுப்பார்கள். பெஷமேல் சாஸ் வெண்ணெயும் மைதாவும் பாலும். பழுப்புச் சாஸ் எதுவாக இருந்தாலும் மைதா வறுத்துக் கரைத்ததா என்று கேளுங்கள். வெங்காய சூப்பின் மேலே மிதப்பது ரொட்டி. காய்களை எண்ணெயில் வதக்கிச் செய்யும் ரத்தத்தூய், ஆம்லெட், சாஸ் இல்லாத ஸ்டேக் ஆகியவற்றில் இயல்பாகவே மாவு கிடையாது. உருளைக்கிழங்கு வறுவலுக்கு எண்ணெய் தனியா என்ற பழைய கேள்வி இங்கேயும் உண்டு. பிரித்தானிப் பக்கத்துக் காலெத் என்ற காரத் தோசை பாப்பரை மாவில் செய்வது. பாப்பரை கோதுமை இனமே இல்லை, செலியாக்காரருக்கு ஆகும். ஆனால் சுருட்ட வரவேண்டும் என்று அதில் மைதாவும் கொஞ்சம் கலப்பவர்கள் உண்டு, அதே கல்லில் இனிப்புக் கிரேப்பும் வார்ப்பார்கள். கலப்பில்லாத மாவு, தனிக் கல் என்ற இரண்டுக்கும் தெளிவாக ஆம் என்று வந்தால் மட்டும் சாப்பிடலாம். இனிப்பில் கிரேம் புரூலே, கேரமல் கஸ்டர்ட், சாக்லேட் மூஸ் மூன்றும் வழக்கமான செய்முறையில் மாவில்லாதவை.

இந்த ஊருக்கே உரிய கலப்புச் சமையல் ஒன்று உண்டு. அதற்குத் தனிக் கணக்கு. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போய்வந்த புதுச்சேரிக் குடும்பங்கள் வியட்நாம் சமையலையும் கொண்டுவந்தன. நெம் என்ற சுருள் முறைப்படி அரிசித் தாளில் சுற்றிப் பொரிப்பது. மீன் சாறில் தொட்டுக்கொள்வது. அப்படிச் செய்தால் அது தங்கமான பலகாரம். கோதுமைத் தாளில் சுற்றி, சோயா சாஸைத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தால் இரண்டு பக்கமும் அடி; சாதாரணச் சோயா சாஸ் கோதுமை சேர்த்தே நொதிக்க வைக்கப்படுவது. பிரெஞ்சுக்காரர்கள் வதுவான் என்று கொண்டாடும் நம் தாளிப்பு வடகத்தில், வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், விளக்கெண்ணெய் என்று பொதுவாகக் கோதுமைக்கு இடமில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் போகிறவர்கள் விவிக்கம் கேக்கைப் பார்த்து, ‘மைதா இல்லாத கேக்’ என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை எல்லாம் சரிதான். அதன் உடம்பு ரவை.

‘தமிழ்நாட்டுப் பக்கத்தில் இந்த நோயே கிடையாதே, இதற்குப் போய் ஓட்டல்காரர்களைப் படுத்துவானேன்’ என்று ஒரு மறுப்பு வரும். அதற்கு ஆதாரமும் காட்டுவார்கள். 2016 இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பேரைச் சோதித்தது. செலியாக்குக்கு அறிகுறியான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் வெறும் 0.10. ஆனால் அதே ஆய்வின் மறுபாதியையும் படிக்க வேண்டும். இந்த நோய்க்கு வழிவிடும் மரபணு வகைகள் வடக்கில் 38.1 விழுக்காட்டினரிடம் இருந்தன, தெற்கில் 36.4 விழுக்காட்டினரிடம். வித்தியாசம் தட்டில்தான்: வடக்கில் சராசரியாக ஒருவர் நாளொன்றுக்கு 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கில் 25 கிராம். சர்க்கரை வியாதிக்காக ராத்திரிச் சோற்றைச் சப்பாத்திக்கு மாற்றிக்கொண்ட வீடுகளும், வாரத்தில் பாதி நாள் பரோட்டா வாங்கும் வீடுகளும் பெருகிவரும் போது இந்த எண் இப்படியே நிற்கும் என்று நினைக்க முகாந்திரமில்லை. தவிர, புதுச்சேரி ஓட்டல்களில் உட்காருகிறவர்கள் தெற்கத்திக்காரர்கள் மட்டுமில்லை. தில்லியிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வருகிறார்கள். அரிதான நோய் என்பதால் சப்ளையருக்கு அதைப் பற்றித் தெரியாது; தெரியாததால்தான் நீங்கள் விளக்க வேண்டியிருக்கிறது. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோதுமைதான் காரணம் என்பதை வில்லம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர் தன் ஆய்வேட்டில் எழுதியதே 1950 இல்தான். அதுவரை மருத்துவ உலகத்துக்கே தெரியாது.

சட்டம் கைகொடுக்குமா என்றால், அரைகுறையாக. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் சின்ன உணவகமானாலும் ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். அந்தப் பழக்கத்தில் வரும் பிரெஞ்சுப் பயணிகள் இங்கேயும் அதையே எதிர்பார்த்து ஏமாறுகிறார்கள். நம் நாட்டின் 2020 ஆம் ஆண்டு விதிகள், மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் உணவகங்களைத்தான் இதில் கட்டுப்படுத்துகின்றன. ஒற்றைக் கடையாக நடக்கும் ஓட்டலுக்கு அந்தக் கட்டாயமில்லை. சில கஃபேக்களின் பட்டியலில் ‘குளூட்டன் ஃப்ரீ’ என்ற குறி இருக்கிறதே என்றால், அந்தக் குறி பெரும்பாலும் செய்முறையைப் பற்றியது, சமையலறையைப் பற்றியது இல்லை. எடை குறைப்பவர்களுக்கும் நாகரிகத்துக்குச் சாப்பிடுபவர்களுக்கும் அது போதும். பாதாம் மாவுக் கேக், காலை முழுக்க ரொட்டி மாவு பறந்த அறையில், அதே தட்டில் வெந்திருந்தால் செலியாக்காரருக்கு அந்தக் குறியால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்க வேண்டியவர் கூடப் போகிறவர். ஆயுள் முழுக்க ஒவ்வொரு வேளையும் விளக்கிச் சலித்தவரின் வாயில் ஒரு வேளையாவது ஓய்வு இருக்கட்டும். இன்னொரு காரணமும் உண்டு: பசியோடு இருக்கும் நோயாளி, எதிரே நிற்பவர் முகம் சுளித்தால், ‘பரவாயில்லை விடுங்க’ என்று சீக்கிரம் இறங்கிவிடுவார். கேள்வியை ‘கோதுமை இருக்கா’ என்று வைக்காதீர்கள். ‘இல்ல சார், மைதாதான்’ என்று நல்லெண்ணத்தோடு பதில் வரும். மைதாவும் ரவையும் கோதுமைதான் என்பது பலருக்குத் தோன்றுவதேயில்லை. பெயர் பெயராகச் சொல்லுங்கள்: ‘அண்ணே, இவங்களுக்கு கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி எதுவும் ஆகாது. அது பட்ட கரண்டி, கல்லு, எண்ணெயும் ஆகாது. மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?’ ஆம், இல்லை என்று முடிகிற கேள்வியைவிட, எப்படிச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு வரும் பதில் நம்பகமானது. ‘சாம்பாருக்கு எந்தப் பெருங்காயம், டப்பாவைப் பார்க்கலாமா?’ என்று கேட்டு, டப்பா வந்தால் நல்ல கடை. ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று வந்தால் தயிர்சோற்றையும் அங்கே சாப்பிட வேண்டாம். செலியாக் ஒவ்வாமை வகை இல்லை, ஆனாலும் ‘அலர்ஜி’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா என்று சிலர் தயங்குகிறார்கள். தாராளமாகப் பயன்படுத்தலாம், சமையலறையில் அந்த ஒரு சொல்லுக்குத்தான் மதிப்பு. ‘உடனே ஒண்ணும் தெரியாம இருக்கலாம், அப்புறம் படுத்தும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் சாப்பிட்டவர் நன்றாக எழுந்து போவதைப் பார்த்து, அடுத்த முறை வருகிறவர் சொல்வதை நம்ப மாட்டார்கள்.

‘போன தடவை சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லை’ என்ற வாதம்தான் இருப்பதிலேயே பிடிவாதமானது. கடைக்காரர் சொல்வதைவிட அதைச் சொந்தக்காரர்களே அதிகம் சொல்வார்கள். செலியாக் உள்ள எல்லாருக்கும் வயிற்றுப்போக்கும் வலியும் வருவதில்லை. ஒன்றுமே தெரியாமல் குடல் சேதமாகி, இரும்புச் சத்துக் குறைந்து, எலும்பு பலமிழந்த பிறகு கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் உண்டு. வயிறு பேசாமலிருந்தது அந்தச் சாப்பாட்டுக்கு நற்சான்று ஆகாது.

இவ்வளவு விசாரணை நடத்திக்கொண்டு வெளியே சாப்பிடுவதில் என்ன சுகம், வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போய்விடலாமே என்பார்கள். ரயிலுக்கும் பேருந்துக்கும் கட்டிக்கொண்டு போவது நல்லதுதான். ஆனால் விசாரணை சாப்பாட்டு மேஜையில் நடக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. மாலை நான்கு, நாலரைக்கு அடுப்படி ஓய்ந்திருக்கும். அப்போது போன் செய்தால் மாஸ்டரே பேசுவார். சனிக்கிழமை ராத்திரி சென்னைக் கூட்டமும் பெங்களூருக் கூட்டமும் மொய்க்கும் நேரத்தில் அதே மாஸ்டருக்கு வாணலியைக் கழுவ நேரமிருக்காது. வார நாளில், கடை திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள்; எண்ணெய் புதிது, கல் சுத்தம், ஆளும் நிதானம். உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடையை வேண்டாம் என்று திருப்பிவிடுங்கள். உங்களுக்கு வேண்டுமானால் உங்கள் பக்கமே வைத்துக்கொண்டு, கையைத் துடைக்காமல் பொதுத் தட்டைத் தொடாதீர்கள். ‘ஒரு வாய் ருசி பாரேன்’ என்று உங்கள் கரண்டியை நீட்டும் பழக்கமும் அன்றைக்கு ஆகாது. குடிப்பதில் ஒயினும் ரம்மும் ஆகும், பீர் பார்லி. பில்டர் காபிக்குத் தடையில்லை, ஹார்லிக்ஸுக்கு உண்டு.

இவ்வளவும் செய்த பிறகும் சாலட்டின் மேல் நான்கு ரொட்டித் துண்டோடு தட்டு வந்து நிற்கும். துண்டை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட முடியாது. துகள் இலையெல்லாம் ஒட்டியிருக்கும். திருப்பி அனுப்பினாலும் சிக்கல்தான். சமையலறையில் துண்டை மட்டும் பொறுக்கிவிட்டு அதே தட்டை மறுபடி அனுப்பும் வாய்ப்பு அதிகம், நீங்கள் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வந்த தட்டை உங்கள் பக்கம் இழுத்து நீங்களே சாப்பிட ஆரம்பியுங்கள். துணைக்குப் புதிதாக இன்னொன்று சொல்லுங்கள், இரண்டுக்கும் பில் போடச் சொல்லியே சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டாவது தட்டு உண்மையிலேயே இரண்டாவதாக இருக்கும்.